நாங்கு மரத்து விதை 400 போட்டேன், 11 முளைத்தது: தப்பு விதையிலா, என்னிடமா?

கடையம் நாற்றுக்காரி | மே 24, இரவு 9.40

வணக்கம். கடையத்துக்கு மேற்கே, மலை நிழல் சாயங்காலம் சீக்கிரமே வந்து விழுகிற இடத்தில் சின்னதாக ஒரு நாற்றங்கால் வைத்திருக்கிறேன். (2019இல் தென்காசி மாவட்டம் என்று பிரித்துவிட்டார்கள். யாராவது ஊர் கேட்டால் வாயில் இன்னும் திருநெல்வேலி என்றுதான் வருகிறது.) எட்டு வருஷத் தொழில். எலுமிச்சை, கொய்யா, முருங்கை, தேக்கு, வேம்பு, புங்கன் எல்லாம் எனக்குக் கைவந்தவை.

இப்போது வந்திருப்பது வேறு மாதிரி வேலை. மலைமேல் ஒரு பெரியவருடைய பழைய ஏலத்தோட்டம். ஏலத்தைக் கைவிட்டு இருபது வருஷம் ஆகிறதாம், உண்ணிச்செடி ஆள் உயரத்துக்கு மூடிக் கிடக்கிறது. அதில் ஆறு ஏக்கரை மறுபடி காடாக்க வேண்டும் என்கிறார். "பக்கத்துக் காட்டில் என்ன மரம் நிற்கிறதோ அதே மரம்தான் வேண்டும். சில்வர் ஓக்கு கொண்டுவந்தால் வண்டியோடு திருப்பி அனுப்பிவிடுவேன்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். நாங்கு, வெடிப்பலா, ருத்திராட்சம், கீழ்ச் சரிவுக்கு வேங்கை, எல்லாம் சேர்த்து மூவாயிரம் நாற்று. முன்பணமும் வாங்கிவிட்டேன்.

இந்த விதைக்கெல்லாம் எங்கே போவது? இணையத்தில் தேடி, வெளிமாவட்டத்து விதைக்காரர் ஒருவரிடம் நாங்கு 430, வேங்கைக் காய் 200, ருத்திராட்சக் கொட்டை 300 வாங்கினேன். பார்சல் வந்த நேரம் நாங்கள் பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போயிருந்தோம். நாலு நாள் கூரியர் ஆபீஸில் கிடந்தது. பிரித்துப் பார்த்தால் தடித்த பாலிதீன் பை, வாய் ஒட்டி, பளபளப்பான லேபிள். 'முளைப்புத்திறன் 80%' என்று அச்சடித்திருந்தது. தேதி மட்டும் இல்லை.

நாங்கில் 200ஐ அன்றைக்கே தாய்ப்பாத்தியில் போட்டேன். இன்னொரு 200ஐ, இடம் தயாராகட்டும் என்று, அதே பையோடு ஃபிரிட்ஜில் இட்லி மாவுச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்து இரண்டு வாரம் கழித்துப் போட்டேன். இன்றைய கணக்கு: முதல் 200இல் 11. இரண்டாவது 200இல் ஒன்றுகூட இல்லை. வேங்கை 60 சொச்சம். ருத்திராட்சம் இரண்டு மாதமாகக் கல்லு மாதிரி கிடக்கிறது.

விதைக்காரருக்குப் போன் போட்டால், "தண்ணீர் கூடிப்போயிருக்கும், இல்லாவிட்டால் குறைந்திருக்கும்" என்கிறார். இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள் என்றதற்கு வைத்துவிட்டார்.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். பாத்தியில் போடுவதற்கு முன்பே விதைக்கு உயிர் இருக்கிறதா இல்லையா என்று என்னைப் போன்றவள் எப்படிப் பார்ப்பது? ருத்திராட்சத் தொட்டியைக் கொட்டிவிட்டு வேறு போடலாமா? நாங்கு நாலைந்து விதை பாத்தியிலிருந்து தோண்டி எடுத்து வைத்திருக்கிறேன். பையில் உடையாமல் ஒரு முப்பது மிச்சமும் இருக்கிறது.

---

வயக்காடு | மே 24, இரவு 10.15

தண்ணீரில் போடுங்க அக்கா. மூழ்கினால் நல்லது, மிதந்தால் பொக்கு. எங்க தாத்தா நெல்லுக்கு உப்புத்தண்ணி கரைத்து, கோழி முட்டை மிதக்கிற பதத்தில் விதையைக் கொட்டி, மிதக்கிறதை அரித்துத் தள்ளிவிடுவார். ரெண்டு நிமிஷ வேலை.

---

அம்பை அண்ணாச்சி | மே 25, காலை 6.05

தங்கச்சி, நான் அம்பாசமுத்திரம். முப்பத்தொரு வருஷம் நாற்றங்கால் வேலை, பாதி தினக்கூலியாக, பாதி சொந்தமாக. படிப்பு ஒன்பதாவது. எழுத்துப் பிழை இருந்தால் பேரன் கணக்கில் எழுதுங்கள், அவன்தான் தட்டுகிறான்.

முதலில் வயக்காடு தம்பிக்கு. நெல்லுக்கு உங்கள் தாத்தா செய்தது சரி. மலை மரம் எல்லாவற்றையும் ஒரே வாளித் தண்ணீரில் எடை போட முடியாது. வேங்கைக் காயைப் பார்த்திருக்கிறீர்களா? நடுவில் புடைத்து, சுற்றிலும் அப்பளம் மாதிரி இறகு. நல்லதும் மிதக்கும், பொக்கும் மிதக்கும். நாங்கு எண்ணெய் விதை. அழுகி நீர் கோத்தது கனத்து மூழ்கும். மூழ்கியதை எல்லாம் நம்பி விதைத்து, ஒரு பாத்தி முழுக்க நாற்றமெடுத்து, மண்ணோடு அள்ளிக் கொட்டியவன் நான். புழு குடைந்த கொட்டையைக் கழிக்கத் தண்ணீர் உதவும், அவ்வளவுதான். அதற்கு மேல் அதை நம்பாதீர்கள்.

வெட்டித்தான் பார்க்க வேண்டும். பைக்குள் கையை விட்டுப் பார்க்காமல் எடுங்கள், 25 விதை. மேலாகக் கிடக்கிற பெரிசாகப் பொறுக்கினால் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்கிறோம். அரிவாள்மணையில் நெடுக்காகப் பிளந்து, வெள்ளைத் துணியில் வரிசையாக வையுங்கள். நாங்குப் பருப்பு தேங்காய்க் கீற்று மாதிரி வெளுப்பாக, தோட்டை ஒட்டி நிறைந்து, நகத்தால் அழுத்தினால் ஈரமாக இருக்க வேண்டும். மஞ்சள் பாய்ந்து, சுருங்கி, காதருகே ஆட்டினால் கடகட என்றால் போச்சு. மூக்கில் வைத்துப் பாருங்கள், காறல் வாடை அடித்தாலும் போச்சு. என் மனைவி இந்த வேலையில் என்னைவிடக் கெட்டிக்காரி. கண்ணைக்கூடத் திறக்க மாட்டாள், மோந்து பார்த்தே ஒதுக்கிவிடுவாள்.

(நாங்குநேரிக்கும் இந்த நாங்குக்கும் சம்பந்தம் உண்டா என்று பேரன் கேட்கிறான். அது நான்கு ஏரி என்பார்கள். நாங்கு மரம் அந்த வெயிலில் ஒரு நாள் நிற்குமா?)

இப்போது உங்கள் தப்பு. கோபித்துக்கொள்ளக் கூடாது. ஃபிரிட்ஜில் வைத்தீர்களே, அதுதான். நெல், உளுந்து, சரக்கொன்றை எல்லாம் காயக் காய உயிரைப் பிடித்துக்கொள்கிற சாதி. நாங்கு, வெடிப்பலா, கோங்கு, வெள்ளைக் குங்கிலியம், செங்குறிஞ்சி இவையெல்லாம் மழைக்காட்டு மரங்கள். ஈரத் தரையில் விழுந்து அப்படியே முளைக்கிற பழக்கம். காயப் போட்டால் சாகும், குளிரில் வைத்தாலும் சாகும், பாலிதீனில் வாயை ஒட்டினால் மூச்சு முட்டிச் சாகும். வேப்பங்கொட்டை உங்களுக்குத் தெரியுமே. ஆனி ஆடியில் பொறுக்கி உடனே போட்டால் எப்படி, இரண்டு மாதம் கிடப்பில் போட்டுப் போட்டால் எப்படி? வேம்பே அப்படி என்றால் நாங்கு எப்படி இருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இதைச் சொல்லித்தந்தது ஒரு காணிப் பழங்குடிப் பெரியவர். நான் கூலிக்குப் போன புதிதில் விதையைச் சிமெண்ட் சாக்கில் கட்டி லாரி மேல் போட்டு இறக்குவோம். கீழே வரும்போது சாக்கு கொதிக்கும். அவர் மட்டும் கூடையில் மரத்தடிச் சருகை ஈரத்தோடு பரப்பி, ஒரு அடுக்கு விதை, ஒரு அடுக்கு சருகு என்று வைத்துத் தலையில் சுமந்து வருவார். எங்கள் மேஸ்திரி சிரிப்பார். அந்தக் கூடை விதைதான் முளைக்கும். இப்போது நான் தென்னைநார்க் கழிவு வைத்துக்கொள்கிறேன். கையில் பிழிந்தால் சொட்டக் கூடாது, உள்ளங்கை நனைய வேண்டும், அந்தப் பதம். சணல் சாக்கு, நிழல், அன்றைக்கோ மறுநாளோ பாத்தி. வேறு வித்தை இல்லை.

ருத்திராட்சத்தைக் கொட்டாதீர்கள்! கொட்டை அத்தனை கெட்டி, தண்ணீர் உள்ளே போகவே நாளாகும். என் தொட்டியில் எட்டாம் மாதம் தலை காட்டியது உண்டு, ஒரு மழைக்காலம் தாண்டி அடுத்ததில் வந்ததும் உண்டு. சந்தேகமாக இருந்தால் ஐந்தாறு கொட்டையைச் சுத்தியலால் தட்டி உள்ளே பருப்பு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் தொட்டியை நிழலில் நகர்த்தி வைத்து, ஈரம் விடாமல், மறந்துவிடுங்கள்.

வேங்கை 60 வந்தது மோசமில்லை. காயில் பாதி பொக்காக இருப்பது அதன் குணம். அடுத்த தடவை இறகைக் கத்தரியால் நறுக்கி, நடுப்புடைப்பை விரலால் அழுத்தி, விதை தட்டுப்படுகிறதை மட்டும் எடுத்து ஒரு ராத்திரி ஊறவைத்துப் போடுங்கள். கீழ்ச் சரிவுக்கு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அதை விட்டுவிடாதீர்கள். வேங்கை காய்ந்த சரிவு மரம். நாங்கு நிற்கிற ஈரத்துக்குள் கொண்டுபோய் வைத்தால் இரண்டு பேருக்கும் நஷ்டம்.

---

விதைப்பெட்டி | மே 25, மதியம் 1.30

அக்கா, நான் பாளையங்கோட்டை. விதை நுட்பவியல் படித்துக்கொண்டிருக்கிறேன். ஐயா சொன்னதைத்தான் எங்களுக்கு வகுப்பில் ஆறு மாதம் நடத்தினார்கள்.

காயவைத்தால் நீடிக்கும் விதை, காயவைத்தால் சாகும் விதை என்று ஆய்வுலகம் பிரித்தது 1973இல். ராபர்ட்ஸ் என்பவர் முதல் வகைக்கு ஆர்த்தடாக்ஸ் என்றும், இரண்டாவதுக்கு ரிகால்சிட்ரன்ட் என்றும் பெயர் வைத்தார். ஆசாரமான விதை, அடங்காத விதை! முதல் வகையை 5 சதவீத ஈரம் வரை உலர்த்தி, மைனஸ் 20 டிகிரியில் பல வருஷம் வைத்திருக்கலாம். ஈரம் 1 சதவீதம் குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும் என்று ஒரு கட்டைவிரல் கணக்குகூட உண்டு. அடங்காத வகையில் ஈரம் 20, 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கினாலே பெரும்பாலானவை செத்துவிடும். அதனால்தான் மழைக்காட்டு மரங்களுக்கு 'விதை வங்கி' என்பது லேசில் நடக்காது. காட்டில் நிற்கிற மரம்தான் வங்கி.

உயிர் இருக்கிறதா என்று பார்க்க ஆய்வகத்தில் டெட்ரசோலியம் கரைசல் பயன்படுத்துவோம். விதையைப் பிளந்து 1 சதவீதக் கரைசலில் இருட்டில் ஊறவைத்தால், உயிருள்ள திசு சிவப்பாகும், செத்தது நிறம் மாறாது. முளைக்க மாதக்கணக்காகும் ருத்திராட்சம் மாதிரி விதைக்கு இது வரப்பிரசாதம். ஆனால் உங்களுக்கு இப்போதைக்கு ஐயாவின் அரிவாள்மணை போதும், பொய் சொல்லவில்லை.

லேபிளைப் பற்றி ஒன்று. முளைப்புத்திறன் 80% என்பது சோதித்த அன்றைய நிலை. முறையான சோதனை என்றால் நூறு நூறாக நாலு தொகுதி, மொத்தம் 400 விதை வைத்துப் பார்ப்பார்கள், எந்தத் தேதியில் சோதித்தார்கள் என்றும் எழுதுவார்கள். தேக்குக்குத் தேதி இல்லாவிட்டால் பரவாயில்லை என்று விடலாம். நாங்குக்குத் தேதி இல்லாத சதவீதம் வெறும் அலங்காரம்.

முளைத்தால் மட்டும் நல்ல விதை ஆகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். எத்தனை தாய்மரத்திலிருந்து எடுத்தது? ஒரே மரத்து விதையால் ஆறு ஏக்கரையும் நிரப்பினால் மொத்தக் காடும் அண்ணன் தம்பியாக நிற்கும். இருபது தாய்மரமாவது வேண்டும், ஒன்றுக்கொன்று நூறு மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும் என்பது எங்கள் பாடம். தனியாக நிற்கும் மரத்தையும் தவிர்க்கச் சொல்வார்கள். தன் மகரந்தத்திலேயே காய்த்த விதை பல இனங்களில் நோஞ்சானாக இருக்கும்.

இதற்கு நம்ம ஊரிலேயே உதாரணம் உண்டு. மாஞ்சோலைப் பக்கம் காக்காச்சிக் காட்டில் நடந்த ஓர் ஆய்வு 2000இல் வந்தது. வெடிப்பலாப் பூவைத் தேடி மரத்தில் வாழும் பாலூட்டிகள் வருவதையும், அவற்றால் மகரந்தச் சேர்க்கை நடப்பதையும் அதில் காட்டியிருந்தார்கள். மரத்து மேல் தாவி வருகிறவர்கள் வர வேண்டும் என்றால் கிளையோடு கிளை சேர வேண்டும் இல்லையா? ஏலத்தோட்டத்து நடுவில் ஒற்றையாக விட்டுவைத்த வெடிப்பலாவுக்கு யார் வருவார்கள்? அதில் காய்த்தாலும் நான் எடுக்க மாட்டேன்.

---

கடையம் நாற்றுக்காரி | மே 25, இரவு 8.50

அண்ணாச்சி, வெட்டிவிட்டேன். மிச்சமிருந்ததில் 25. மாமியாரும் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். 19 விதை உள்ளே பழுப்பு, சுருங்கி, சிலது மாவாகவே உதிர்ந்தது. 4இல் புழு இருந்த ஓட்டை. வெளுப்பாக இருந்தது 2, அதுவும் ஓரம் மஞ்சள். வாடையை மாமியார்தான் முதலில் சொன்னார்கள், "போன வருஷத்து நல்லெண்ணெய் மாதிரி இருக்குடி" என்று. அப்போ ஃபிரிட்ஜில் வைத்தது செத்த பிணத்தைத்தான் என்று மனசைத் தேற்றிக்கொள்கிறேன்.

ருத்திராட்சம் ஆறு உடைத்தேன், ஐந்தில் பருப்பு இருந்தது. தொட்டியைப் பலாமரத்தடிக்கு நகர்த்தியாயிற்று.

விதைப்பெட்டி தங்கச்சி, இருபது தாய்மரம் என்றால் நான் எங்கே போவேன்? பெரியவர் தோட்டத்து ஓரக் காட்டில் நாங்கு நிற்கிறது, எத்தனை என்று எண்ணவில்லை. அங்கே போய்ப் பொறுக்கலாமா?

---

அம்பை அண்ணாச்சி | மே 26, காலை 5.50

தங்கச்சி, நேற்று ராத்திரி படுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. பேரனை எழுப்பித் தட்டச் சொல்கிறேன்.

பார்சல் வந்தது பங்குனியில் என்று எழுதியிருக்கிறீர்கள். மாசி பங்குனியில் எங்கள் பக்கம் நாங்கு பூக்கும். வெள்ளையாக, நடுவில் மஞ்சளாக, மரத்தடி எல்லாம் மணக்கும். பூக்கிற மாசத்தில் விதை விற்கிறார் என்றால் அது எந்த வருஷத்து விதை? போன மழையில் பொறுக்கி, கோடவுனில் போட்டு, குறைந்தது ஐந்தாறு மாதம் கிடந்தது. நீங்கள் நாலு நாள் தாமதித்ததும், தண்ணீர் கூடியதும் குறைந்ததும், எதுவும் காரணம் இல்லை. உங்கள் கைக்கு வரும்போதே முடிந்த கதை. இதை முதல் நாளே பார்த்திருக்க வேண்டும். லேபிளையும் ஃபிரிட்ஜையும் பார்த்துவிட்டு மாசத்தை விட்டுவிட்டேன்.

இனிமேல் யாரிடம் வாங்கினாலும் விலையைக் கேட்கும் முன் எந்த மாசம், எந்த மலை, எத்தனை மரம் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் புங்கன் வேண்டுமானால் வாங்கலாம்.

தோட்டத்து ஓரக் காடு நல்ல யோசனை. ஆனால் எல்லைக்கல் எங்கே என்று பெரியவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கல்லுக்கு இந்தப் பக்கம் அவர் பட்டா. அந்தப் பக்கம் களக்காடு-முண்டந்துறை புலிகள் காப்பகம் என்றால், தரையில் கிடக்கிற ஒரு கொட்டையைக்கூட அனுமதி இல்லாமல் எடுக்கக் கூடாது. 1972ஆம் வருஷத்து வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம். ரேஞ்சர் ஆபீஸில் கடிதம் கொடுத்துக் கேட்கலாம், கிடைக்க நாளாகலாம். நான் இரண்டு தரம் நடையாய் நடந்து ஒரு தரம் வாங்கியிருக்கிறேன்.

இருபது மரம் இல்லாவிட்டால் ஏழு எட்டு கிடைத்தாலும் ஆரம்பியுங்கள். அடுத்த வருஷம் வேறு ஏழு. எல்லா மரமும் எல்லா வருஷமும் காய்க்காது, அதனால் ஒரே வருஷத்தில் மூவாயிரத்தையும் முடித்துத் தருகிறேன் என்று பெரியவரிடம் வாக்குக் கொடுத்திருந்தால் அதை இப்போதே மாற்றிக்கொள்ளுங்கள். முன்பணம் வாங்கிய இடத்தில் இதைச் சொல்வது கஷ்டம்தான். எனக்கும் தெரியும்.

ஒற்றை மரத்துக் கதை என்னிடமும் ஒன்று உண்டு. கூலிக்கு இருந்த காலத்தில் மூன்று வருஷம் வேங்கை விதை முழுக்க ஒரே மரத்தில் எடுத்தோம். ஏன் என்றால் அது ரோட்டு வளைவில் நின்றது, ஜீப்பை நிறுத்திவிட்டு ஏறாமல் பொறுக்கலாம். அந்த மரம் ஆளுயரத்திலேயே கோணி இரண்டாகக் கிளைத்த மரம். அதைப் பற்றி அப்போது யாரும் யோசிக்கவில்லை. அந்த நாற்றெல்லாம் நட்ட சரிவைப் போன வருஷம் போய்ப் பார்த்தேன். கோணல் மரங்கள் நிறையவே நின்றன. மாடு கடித்ததும் இருக்கலாம், தாயைக் கொண்டதும் இருக்கலாம். அன்றிலிருந்து பாத்தி பாத்தியாக மரத்தின் எண்ணை எழுதிக் குச்சியில் கட்டுகிறேன்.

பொறுக்குவதிலும் ஒரு விஷயம். முதன்முதலில் உதிர்கிறதைத் தொடாதீர்கள். புழு விழுந்ததும் பிஞ்சிலே வாடியதும்தான் முதலில் உதிரும். ஒரு வாரம் பொறுத்து, நல்ல காய் தானாக வெடித்துச் சிதறும்போது போங்கள். தினமும் காலையில் போக வேண்டும், இரண்டு நாள் விட்டால் பன்றியும் முள்ளம்பன்றியும் மிச்சம் வைக்காது. வெடிப்பலாவுக்கு இன்னும் மோசம். அதைச் சோலைமந்தியும் மலை அணிலும் மரத்திலேயே பிளந்து தின்றுவிடும். அவர்கள் சாப்பிட்டு மிஞ்சியதுதான் நமக்கு.

---

விதைப்பெட்டி | மே 26, காலை 9.10

ஐயா சொன்ன மாசக் கணக்கு எனக்கும் தோன்றவில்லை. புத்தகத்தில் அட்டவணையாகப் படித்தது!

அக்கா, தோட்டத்துக்குள் போகிற ஜீப் பாதையையும் பாருங்கள். வால்பாறையில் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பினர் இருபது வருஷத்துக்கு மேலாக மழைக்காட்டு மரங்களை வளர்த்து நடுகிறார்கள். தோட்டத்துச் சாலையில் விழுந்து கிடக்கும் விதையைப் பொறுக்குவது அவர்கள் வழக்கம். ரோட்டில் விழுந்தது எப்படியும் டயரில் நசுங்கப் போகிறது, காட்டுக்குள் விழுந்ததைத் தொட வேண்டாம். மரநாய் எச்சம் கிடந்தாலும் விடாதீர்கள். சதையெல்லாம் நீங்கிச் சுத்தமாக இருக்கும், பல மரத்து விதை கலந்தும் இருக்கும்.

---

கடையம் நாற்றுக்காரி | அக்டோபர் 29, இரவு 9.20

இந்தப் பக்கம் வந்து ஐந்து மாதம் ஆகிவிட்டது. அண்ணாச்சி, நன்றாக இருக்கிறீர்களா? நேற்றிலிருந்து இங்கே வடகிழக்கு மழை பிடித்துவிட்டது, கரண்ட் வரும் போகும். இருக்கும்போது எழுதிவிடுகிறேன்.

பெரியவரிடம் போய் மூவாயிரம் இந்த வருஷம் ஆகாது என்று சொன்னேன். திட்டுவார் என்று பயந்துதான் போனேன். "ஏலத்தைப் பிடுங்கவே எனக்கு மூணு வருஷம் ஆச்சு, காட்டை நீ ஒரு வருஷத்துல கொண்டுவரப் போறியாக்கும்" என்றார். டீ கொடுத்தார். எல்லைக்கல்லையும் அவரே கூட நடந்து காட்டினார். கல்லுக்கு இந்தப் பக்கம் நாங்கு 23 நின்றது. காய்த்தது 9 மட்டும். அதில் இரண்டு பக்கத்துப் பக்கத்தில் நின்றதால் ஒன்றை விட்டேன், ஆக 8 மரம்.

ஆவணியில் பதினொரு நாள் தொடர்ந்து போனேன். முதல் மூன்று நாள் விழுந்ததைத் தொடவில்லை. ஒரு ஆசைக்கு அதில் பத்தை வெட்டிப் பார்த்தேன், ஏழில் புழு. அப்புறம் எடுத்ததை ஈரநாரில் வைத்துச் சாயங்காலமே கீழே இறக்கி, மறுநாள் பாத்தி. மொத்தம் 260 விதை. இன்றைக்கு எண்ணியது 187. தளிர் செம்பு நிறத்தில் தொங்கிக்கொண்டு வருகிறது, பார்க்கிறவர்கள் எல்லாம் வாடிவிட்டது என்று நினைத்து எனக்கு அறிவுரை சொல்கிறார்கள்.

மரம் வாரியாகக் குச்சி கட்டியதில் ஒரு விஷயம் தெரிந்தது. 5ஆம் எண் மரம், பாதைக்கு மேலே பாறையோரம் தனியாக நிற்பது. அதில் எடுத்த 40இல் 13தான் வந்தது. மற்ற மரங்களில் பத்துக்கு எட்டு வாக்கில் வந்தது, ஒரே நாள், ஒரே மண், ஒரே தண்ணீர். விதைப்பெட்டி தங்கச்சி சொன்ன ஒற்றை மரக் கதைதானா இது? ஒரு மரத்தை வைத்துச் சொல்ல முடியாது என்று நீங்கள் சொல்வீர்கள். சரி, ஆனாலும் அடுத்த வருஷம் 5ஆம் எண்ணில் எடுக்க மாட்டேன்.

வெடிப்பலா 31 விதைதான் கிடைத்தது. அதில் 9ஐ எலி ஒரே ராத்திரியில் பாத்தியைத் தோண்டித் தின்றுவிட்டது. பருப்பை மட்டும் தின்று தோட்டை ஓரமாக ஒதுக்கி வைத்திருக்கிறது, என்னமோ விருந்துக்கு வந்த மாதிரி. மிச்சத்தை எப்படிக் காப்பது?

ருத்திராட்சம் இன்னும் பலாமரத்தடியில்தான் இருக்கிறது. கேட்காதீர்கள்.

---

அம்பை அண்ணாச்சி | அக்டோபர் 30, காலை 6.15

187ஆ! என் வீட்டுக்காரியிடம் சொன்னேன், "மாமியாரை விட்டு மோந்து பார்க்கச் சொல்லியிருப்பா" என்கிறாள்.

எலிக்குக் கோழிக்கூட்டு வலை, அரை அங்குலக் கண் உள்ளது. பாத்திக்கு மேலே மட்டும் விரித்தால் பக்கத்து மண்ணைப் பறித்து உள்ளே வந்துவிடும், அதனால் நாலு ஓரமும் ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணில் இறக்குங்கள். விஷம் வைக்காதீர்கள், எலியைத் தின்னும் ஆந்தை சாகும், அப்புறம் எலி இரட்டிப்பாகும். முளை இரண்டு இலை விட்டதும் பைக்கு மாற்றி வலையை எடுத்துவிடலாம். பருப்பு தீர்ந்துவிட்டால் எலிக்கு அதில் வேலை இல்லை.

5ஆம் எண் குச்சியைப் பிடுங்கிவிடாதீர்கள். அந்த 13ஐயும் தனியாக வளர்த்துப் பாருங்கள், எனக்கும் தெரிய வேண்டும்.